எலும்புக்குள்ளும் நரைக்கும்

"...அப்புறம் எதுக்குங்கண்ணா வருசா வருசம் பொங்கச் சீரு கொண்டாந்து என்ற ஊட்டு வாசல்ல எறக்குனீங்க? வாங்கறதுக்கு மட்டும் பொறந்தவ வேணும், குடுக்கறதுக்கு அவ ஆகாதவளா?"

இப்படிக் கேட்டது என் தங்கை ருக்குமணி. கேட்ட இடம் கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடி. நான் கட்டிலில் கிடந்தேன். கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தால் இருமல்தான் வந்தது. கேட்டதோடு அவள் நிற்கவில்லை, அடுத்து ஒன்று செய்தாள். அதைச் சொல்வதற்கு முன்னால் நான் அந்தக் கட்டிலுக்குப் போய்ச் சேர்ந்த கதையைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அவள் கோபம் உங்களுக்கு விளங்காது.

நான் வேலம்பாளையத்துக்காரன். நிட்டிங் மிஷின் வைத்து, கம்பெனிக்காரர்கள் கொடுக்கும் நூலைத் துணியாக ஓட்டிக் கொடுக்கிறவன். எட்டாவதுக்கு மேல் பள்ளிக்கூடம் போகவில்லை. மற்றதெல்லாம் நாலு பேர் பேசக் கேட்டுக் கற்றுக்கொண்டதுதான். யாராவது ஒரு வார்த்தையை நன்றாகச் சொல்லிவிட்டால் அது எனக்குள் ஒட்டிக்கொள்ளும். ஆஸ்பத்திரியில் எனக்கு ஏறிய மருந்துகளின் பெயர் பாதி மறந்துவிட்டது. அங்கே ஆட்கள் சொன்ன பேச்சு ஒன்றுகூட மறக்கவில்லை.

அறுபத்து நாலு வயதில் எனக்கு முதலில் வந்தது நோய் இல்லை, அலுப்பு. பட்டறையின் மாடியில் ஆபீஸ் ரூம். நாளெல்லாம் ஏறி இறங்கிய படிதான். ஒரு நாள் பாதிப் படியில் நின்றுவிட்டேன். யாரையோ எதிர்பார்த்து நிற்கிறவன் மாதிரி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தேன். மறுநாளும் அதே இடத்தில் நின்றேன். வயசாயிற்று என்று நினைத்துக்கொண்டேன். பின்னால் பார்த்தால் நான் நினைத்தது தப்பில்லை. வயசுதான். ஆனால் எந்த இடத்தில் வயசாயிற்று என்பது எனக்குத் தெரியாது.

என் மனைவி சரசுதான் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "ஏனுங்க, உங்க கை சுண்ணாம்பு அடிச்ச செவுராட்ட இருக்குதுங்க. கண்ணாடியே பாக்கறதில்லையா?"

பக்கத்து டாக்டர் ரத்தம் பார்த்தார். இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். சரசு அதை நம்பாமல் கறிக்கடைக்காரரிடம் சொல்லி வைத்து சுவரொட்டி வாங்கினாள். ஆட்டு மண்ணீரலைச் சுட்டுத் தின்றால் ரத்தம் ஊறும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். அதோடு பீட்ரூட், பேரீச்சம்பழம். மூலனூரில் கட்டிக்கொடுத்த என் தங்கை வீட்டிலிருந்து முருங்கைக்கீரை கட்டுக்கட்டாக பஸ்ஸில் வந்து இறங்கியது. அவர்களுக்கு முருங்கைத் தோட்டம். தின்று தின்று நாக்குதான் பச்சையானது. கை வெளுப்பு மாறவில்லை.

"இது சாப்பாட்டால வர்ற ரத்தக் குறைவு இல்லீங்க. ரத்தத்துக்குன்னே படிச்ச டாக்டர்கிட்டப் போங்க," என்று சொல்லி பக்கத்து டாக்டர் கோயம்புத்தூருக்கு அனுப்பிவிட்டார்.

அங்கே காத்திருக்கும் ஹாலைப் பற்றி ஒரு புத்தகமே எழுதலாம். ரத்தம் கொடுக்க ஒரு வரிசை, அதன் ரிசல்ட் வாங்க ஒரு வரிசை, அதைக் காட்ட ஒரு வரிசை. எல்லோர் கண்ணும் சுவரில் ஓடும் நம்பர் மேலேயே இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பல்லடத்துக்காரர் ஒருவர் சொன்னார்: "இந்த நாற்காலி இருக்குதுங்களே, நல்லா இருக்கறவன் வந்து உக்காந்தாக்கூட எந்திரிக்கையில நோயாளியாத்தான் எந்திரிப்பான்." அவர் சொன்னதற்குச் சிரித்தேன். சிரித்ததிலேயே மூச்சு வாங்கியது.

ரத்த டாக்டர் ஒரு பெண். என் மகள் வயதுதான் இருக்கும். டாக்டரம்மா என்றே கூப்பிட்டோம். இடுப்பு எலும்பில் ஊசி போட்டு உள்ளே இருக்கும் மஜ்ஜையைக் கொஞ்சம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். மஜ்ஜை என்றால் எலும்புக்குள் இருக்கிற கூழ். ரத்தம் அங்கேதான் உண்டாகிறதாம். அதுவரை ரத்தம் இதயத்தில் ஊறுகிறது என்று நினைத்திருந்தவன் நான்.

அன்றைக்கு என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்ற நர்ஸ் பெயர் ஸ்டெல்லா. தூத்துக்குடிப் பக்கத்துப் பிள்ளை. "அய்யா, எங்க அம்மை உங்க ஊர்லதான் பனியன் கம்பெனில செக்கிங் பாக்கா. ஒரு ஓட்டை இருந்தாலும் கண்டுபிடிச்சிருவா. இந்தா முடிஞ்சிட்டு, மூச்ச விடுங்க, அசையாதீய," என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். மரத்துப்போகும் ஊசி போட்டிருந்தார்கள். ஆனாலும் உள்ளே இழுக்கும்போது ஒரு வலி வந்தது. வலி என்றுகூடச் சொல்ல முடியாது. எலும்பிலிருந்து யாரோ நூலை உருவுகிற மாதிரி இருந்தது.

ரிசல்ட் வந்த அன்று டாக்டரம்மா என் தொழிலை விசாரித்தார். நிட்டிங் மிஷின் எப்படி ஓடும் என்று கேட்டார். கேட்டால் சொல்லாமல் இருப்பேனா? மிஷினைச் சுற்றி ஸ்டாண்டில் நூல் சுற்றிய கோன்கள் வரிசையாக நிற்கும், ஒவ்வொரு கோனிலிருந்தும் ஒரு நூல் உள்ளே போகும், எல்லாம் சேர்ந்துதான் ஒரே துணியாகக் கீழே இறங்கும் என்று கையை ஆட்டிச் சொன்னேன்.

"அப்படியே வெச்சுக்கங்க ஐயா," என்றார் அவர். "உங்க எலும்புக்குள்ளயும் கோன் மாதிரி தாய்ச்செல்கள் இருக்கு. ஸ்டெம் செல்னு சொல்லுவோம். ரத்தத்துல ஓடற அணு எல்லாம் கொஞ்ச காலந்தான் உயிரோட இருக்கும். சிவப்பணு மூணு நாலு மாசம். மத்தது அதைவிடக் குறைச்சல். அதனால தாய்ச்செல்கள் புதுசு புதுசா பண்ணிக்கிட்டே இருக்கணும். சின்ன வயசுல ஆயிரக்கணக்கான கோன். ஒவ்வொண்ணும் கொஞ்சம் கொஞ்சம் நூல் குடுக்கும். வயசாக ஆக, பிரிஞ்சு பிரிஞ்சு, ஒவ்வொரு தடவையும் சின்னச் சின்னக் கோளாறு சேரும். சிலது ஓய்ஞ்சு போகும். ஒண்ணு ரெண்டு மட்டும் மத்ததோட இடத்தையும் பிடிச்சுக்கிட்டு பரவும். அந்த ஒண்ணு சாதுவா இருந்தா யாருக்கும் தெரியாது. கெட்ட கோனா இருந்தா..."

"துணி பூரா ஓட்டை விழுகும்," என்றேன்.

"அதுதான். உங்க மஜ்ஜை வேலை செய்யாம இல்லை. ரொம்பவே வேலை செய்யுது. ஆனா செய்யற சரக்கு பாதி வெளியே வர்றதுக்கு முன்னாலயே கெட்டுப் போகுது."

மைலோடிஸ்பிளேசியா என்று அதற்குப் பெயர். வீட்டுக்கு வந்து அந்தப் பெயரைச் சொல்லிப் பார்க்க சரசு நாலு தடவை முயற்சி பண்ணினாள். கடைசியில் "அந்த மையலோ குய்யலோ" என்று வைத்துக்கொண்டாள். அப்படியே விட்டால் ரத்தப் புற்றுநோயாக மாறலாம் என்று டாக்டரம்மா சொன்னபோது மட்டும் அவள் சிரிக்கவில்லை. மடியில் இருந்த பையின் வாரைப் பிடித்தபடி இருந்தாள்.

பஞ்சுத் தூசியா, சாயமா, நான் விட்டுத் தொலைத்த பீடியா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது, பெரும்பாலும் வயசுதான் என்றார். அதைக் கேட்டு ஆறுதல்பட வேண்டுமா வருத்தப்பட வேண்டுமா என்று எனக்குத் தெரியவில்லை. குற்றம் சொல்ல ஒரு ஆள் இருந்தால் கொஞ்சம் தெம்பாக இருக்கும்.

அதற்குப் பிறகு ரத்தம் ஏற்றிக்கொண்டு நாளை ஓட்டுகிற வாழ்க்கை. ஏற்றினால் இரண்டு வாரம் படி ஏறலாம். அப்புறம் பழையபடி பாதிப் படி. மாசத்தில் ஒரு வாரம் வயிற்றில் ஊசி. அந்த வாரம் முழுக்கச் சோறு கண்டாலே குமட்டும். எனக்கு ஏற்றுகிற ரத்தத்துக்கு ஈடாக எங்கள் ஆட்கள் வந்து ரத்தம் கொடுக்க வேண்டும் என்றார்கள். பட்டறையில் மிஷின் ஓட்டும் ஒடிசாக்காரப் பையன்கள் நாலு பேர் ஷிப்ட் முடிந்த கையோடு வேன் ஏறி வந்தார்கள். பிபின் என்கிறவன் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, "லே லோ சாச்சா, அச்சா மால் ஹை," என்றான். எடுத்துக்குங்க சித்தப்பா, நல்ல சரக்கு என்று அர்த்தம். ஆறு மிஷின் இருந்தது நாலாயிற்று. செலவைப் பற்றி இதற்கு மேல் சொன்னால் எனக்கே களைப்பாக இருக்கிறது.

பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. இந்த நோய்க்கு முழு வைத்தியம் என்றால் ஒன்றுதான். என் எலும்பில் இருக்கிற பழைய கோன்களைக் கழற்றி எறிந்துவிட்டு, வேறு ஒருவருடைய நல்ல கோன்களைக் கொண்டுவந்து நிறுத்துவது. கூடப்பிறந்தவர்களுடையது பொருந்துவதற்கு வாய்ப்பு அதிகம். என் ஒரே மகள் பெங்களூரில் நிறைமாதமாக இருந்தாள், அவளைக் கேட்க முடியாது.

"உங்க கூடப்பிறந்தவங்க எத்தனை பேர்?" என்றார் டாக்டரம்மா.

"ஒரே அண்ணனுங்க," என்றேன்.

சரசு என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை.

நான் பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. வாயில் தானாக அப்படித்தான் வந்தது. எங்கள் பக்கத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டால் அதற்குப் பிறகு பிறந்த வீடு கொடுக்கும், வாங்காது. பொங்கல் வந்தால் அரிசி, வெல்லம், கரும்பு, சேலை என்று அவள் வீட்டுக்குச் சீர் போகும். அவள் வீட்டுக் காதுகுத்துக்கு முதல் சீர்த்தட்டு நாங்கள் வைக்க வேண்டும். போன இடத்தில் ஒரு வாய் சாப்பிட்டால்கூட அவள் பிள்ளைகள் கையில் எதையாவது வைத்துவிட்டுத்தான் செருப்பு மாட்டுவோம். அப்படிப்பட்டவளிடம் போய், உன் எலும்பில் இருக்கிறதைக் கொடு என்று எப்படிக் கேட்பது? அவளுக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் மாப்பிள்ளை முகத்தில் எப்படி விழிப்பது? அவளிடம் நாங்கள் சொல்லியிருந்ததே 'ரத்தம் கொஞ்சம் கம்மி' என்று மட்டும்தான்.

அண்ணன் குன்னத்தூரில் விவசாயம் பார்க்கிறார். எழுபதைத் தொட்டவர், மீசைக்கு மட்டும் மை பூசுகிறவர். சொன்னதும் அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டார். "எடுத்துக்குங்க டாக்டரம்மா. ஒரு பாட்டல் என்ன, ஒம்பது பாட்டல் எடுங்க. கம்பங்கூழு குடிச்ச ஒடம்புங்க," என்று மார்பைத் தட்டினார். டெஸ்டில் முழுசாகப் பொருந்திவிட்டது. அன்றைக்கு எங்கள் வீட்டில் கோழி அடித்தார்கள். என்னால் இரண்டு துண்டுக்கு மேல் சாப்பிட முடியவில்லை. அண்ணன் என் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டு, "உனக்குத்தான்டா தம்பி, உள்ள போய்ச் சேரட்டும்," என்றார்.

பொருத்தம் மட்டும் பார்த்தால் போதாது, கொடுக்கிறவர் வயதையும் பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா இன்னொரு டெஸ்ட் எழுதியிருந்தார். அது வர நாளானது. வந்த அன்று நாங்கள் மூன்று பேரும் அவர் அறையில் உட்கார்ந்திருந்தோம்.

"உங்க அண்ணன் ரத்தத்துலயும் ஒரே கோன் கொஞ்சம் பரவியிருக்கு," என்றார்.

அண்ணனுக்குப் புரியவில்லை. "எனக்குத்தான் சீக்கே இல்லீங்களே? நேத்துக்கூட வாழைத்தாரு தூக்கினனே."

"உங்களுக்கு நோய் இல்லீங்க. பயப்படாதீங்க. தலைமுடி நரைக்கிற மாதிரி, வயசானா நிறைய பேருக்கு இப்படி இருக்கும். பலருக்குக் கடைசி வரைக்கும் ஒண்ணும் பண்ணாது. அப்பப்ப ரத்தம் மட்டும் பார்த்துக்கலாம். ஆனா அதை எடுத்து இன்னொருத்தர் உடம்புல நட முடியாது. அங்க போய் எப்படி நடந்துக்கும்னு சொல்ல முடியாது."

அண்ணன் மீசையைத் தடவிக்கொண்டார். பிறகு சொன்னார்: "மயிரு நரைச்சா மையப் பூசிக்கலாமுங்க. எலும்பு நரைச்சா என்னத்தைங்க பூசறது?"

டாக்டரம்மா ரிப்போர்ட்டை மூடி வைத்தார். எங்களிடம் திரும்பி, "வேற கூடப்பிறந்தவங்க இல்லவே இல்லையா?" என்றார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஒரே நினைப்பு, இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. சரசுதான் திறந்தாள். "இருக்குதுங்க டாக்டரம்மா. என்ற நாத்தனா. மூலனூர்ல. அம்பத்தொண்ணு வயசு."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "முதல்லயே சொல்லியிருக்கலாமே ஐயா."

"அதை உட்டுருங்க," என்றேன். "வெளியாள் யாராச்சும் கெடைப்பாங்களான்னு பாருங்க."

கொடுக்க முன்வந்த வெளியாட்களின் பட்டியல் இருக்கிறது, தேடலாம், ஆனால் காலம் பிடிக்கும், உங்களுக்கு அந்தக் காலம் இருக்குமா என்று சொல்ல முடியாது என்றார். அவர் அதைக் கண்டிப்பாகச் சொல்லவில்லை. அலுத்துப்போய்ச் சொன்னார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

திரும்பும் வழியில் அவிநாசியில் டீ குடிக்க நிறுத்தினோம். அண்ணன் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை. "உனக்குக் குடுக்கறதுக்கு எங்கிட்ட ஒண்ணுமே இல்லாம போச்சேடா தம்பி," என்றார். நான் அவர் முழங்காலைத் தொட்டேன், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்ததும் சரசு என்னைப் பிடித்துக்கொண்டாள். "பிபின்கிட்ட ரத்தம் வாங்குனீங்க. முன்னப் பின்னத் தெரியாதவன்கிட்டயும் கை நீட்டுவீங்க. பொறந்தவகிட்ட மட்டும் நீட்ட மாட்டீங்க. நல்லா இருக்குதுங்க உங்க மானம்." ருக்குமணியிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். சத்தியம் செய்துவிட்டு அவள் சமையலறைக்குப் போய் பாத்திரத்தை உருட்டினாள்.

அந்தத் தேடல் நடந்துகொண்டிருக்கும்போதே காய்ச்சல் வந்தது. வெள்ளையணு குறைந்துவிட்டால் சாதாரணக் காய்ச்சல்கூட ஆளைத் தூக்கிவிடும். ராத்திரியோடு ராத்திரியாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அந்த நாட்களைப் பற்றி எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. குளிர் வந்து கட்டில் ஆடும். வேர்த்துக் கொட்டும். துணி மாற்றுவார்கள். மறுபடி குளிர். சாவைப் பற்றிய பயம்கூடக் கொஞ்ச நேரந்தான் இருந்தது. அதற்கப்புறம் பயப்படவும் தெம்பு வேண்டும் என்று தெரிந்துகொண்டேன். படுத்தபடி கண்ணை மூடாமல் மேலே பார்ப்பேன். இன்னும் எத்தனை தடவை என்று மட்டும் தோன்றும்.

காய்ச்சல் கொஞ்சம் இறங்கியிருந்த ஒரு காலையில், அண்ணனுக்குக் காய்ச்சல் என்று மட்டும் கேள்விப்பட்டு ருக்குமணி வந்தாள். அவள் கையில் முருங்கைக்காய்க் கட்டு. ஆஸ்பத்திரிக்கு முருங்கைக்காய் எதற்கு என்று செக்யூரிட்டி கேட்டதற்கு, "எங்கண்ணன் இதைப் பாத்தா எந்திரிச்சு உக்காருவாரு," என்று சொல்லி மேலே ஏறி வந்துவிட்டாளாம்.

அந்தக் காலையை இங்கேயே நிறுத்தி வைக்கிறேன். அதற்குப் பின்னால் நடந்ததை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். முடிவாக நிற்க வேண்டியது அந்தக் காலைதான், மற்றதெல்லாம் வைத்தியம்.

ருக்குமணியின் டெஸ்ட் முழுசாகப் பொருந்தியது; ரத்த வகை வேறுதான், ஆனால் இதற்கு அது தடை இல்லையாம். அண்ணனுக்குப் பார்த்த அதே டெஸ்டை அவளுக்கும் பார்த்தார்கள். அது வரும் வரைக்கும் நாங்கள் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. சுத்தமாக வந்தது. ஊரில் அவளைப் பயமுறுத்தாதவர்கள் இல்லை. முதுகெலும்பில் ஓட்டை போடுவார்கள், இடுப்பு போய்விடும் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். மாப்பிள்ளை மட்டும் என்னிடம் வந்து, "மச்சான், முருங்கையக் கொப்பு ஒடிச்சு உட்டாத்தான் மறுக்கா நல்லாக் காய்க்கும். இவளுக்கு ஒண்ணும் ஆகாதுங்க," என்றார். நான் எந்த முகத்தில் விழிப்பது என்று கலங்கினேனோ அந்த முகம்தான் அப்படிச் சொன்னது.

யாரும் எங்கும் ஓட்டை போடவில்லை. எலும்புக்குள் இருக்கிற தாய்ச்செல்லை ரத்தத்துக்கு வரவழைக்கச் சில நாள் ஊசி போட்டார்கள். அந்த நாட்களில் அவளுக்கு இடுப்பும் முதுகும் குடைந்தது. பிறகு ஒரு மிஷினோடு சேர்த்தார்கள். ஒரு கையிலிருந்து ரத்தம் போகும், வேண்டியதை மட்டும் மிஷின் பிரித்துக்கொண்டு, மீதியை மறு கையில் திருப்பிவிடும். நாள் முழுக்கப் படுத்திருந்தாள். எனக்கு வந்து சேர்ந்தது ஒரு சின்னப் பை. தண்ணீர் விட்ட தக்காளிச் சாறு மாதிரி. ரத்தம் ஏற்றுகிற மாதிரியே ஏற்றினார்கள். யாரும் வழிகாட்டாமல் அந்தச் செல்லே எலும்பைத் தேடிப் போய் உட்கார்ந்துகொள்ளுமாம். இதைக் கேட்டதிலிருந்து எனக்கு என் உடம்பு மேலேயே ஒரு மரியாதை வந்துவிட்டது.

அதற்கு முன்னும் பின்னும் கண்ணாடி அறையில் தனியாக இருந்தேன். பழைய மஜ்ஜையை அழிக்கக் கொடுத்த மருந்தில் வாயெல்லாம் புண். எச்சில் விழுங்குவதே ஒரு வேலை. சோற்று வாசனை அறைக்குள் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். சரசு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பாள். பக்கத்து அறைக்காரர்கள் போனில் பேசுவார்கள். எங்களுக்குப் போன் தேவைப்படவில்லை. கல்யாணமான புதிதில் சரசுவும் மிஷின் ஹாலில் வேலை பார்த்தவள். அந்தச் சத்தத்தில் வாயால் பேசி ஆகாது, எல்லாம் கைஜாடைதான். நூல் அறுந்தது, துணி விழுந்தது, டீ வந்தது, முதலாளி வர்றார் என்று எல்லாவற்றுக்கும் ஜாடை உண்டு. அதையே கண்ணாடி வழியாகப் போட்டுக்கொண்டோம். ஒரு நாள் நான் 'மிஷினை நிறுத்து' என்கிற ஜாடையைக் காட்டினேன். போதும் என்றிருந்தது. அவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு 'நூலை முடிச்சுப் போடு, ஓடட்டும்' என்று காட்டிவிட்டு வேறு பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தாள்.

அப்புறம் ஒரு நாள் ஸ்டெல்லா கதவைத் தள்ளிக்கொண்டு, "அய்யா, ஏறுது!" என்றாள். வெள்ளையணு. புதுக் கோன்கள் நூல் கொடுக்க ஆரம்பித்திருந்தன.

இப்போது வீட்டில் இருக்கிறேன். மாத்திரை ஒரு கை நிறைய. தோல் அரிக்கிறது. வந்த செல்லுக்கு என் உடம்பு இன்னும் பழகவில்லையாம். பஞ்சுத் தூசி ஆகாது என்பதால் மிஷின் ஹாலுக்குள் விடுவதில்லை, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சத்தத்தை மட்டும் கேட்கிறேன். நோய் போய்விட்டது என்று டாக்டரம்மா சொல்லவில்லை. "இப்ப இல்லை," என்று சொன்னார். அந்த 'இப்ப'வை வைத்துக்கொண்டு நாளை ஓட்டுகிறேன். படியில் ஏற முடிகிறது, ஆனால் ஏறி முடித்ததும் எதற்கு ஏறினோம் என்று உட்கார்ந்துவிடுகிறேன். என் ரத்த வகை மாறி ருக்குமணியின் வகை ஆகிவிட்டது. ரத்தத்தை நுணுக்கமாகப் பரிசோதித்தால் பெண்ணின் ரத்தம் என்றுதான் காட்டுமாம். இதைச் சொன்னதும் அண்ணன் மீசையைத் தடவிக்கொண்டு கேட்டார்: "அப்ப வர்ற பொங்கலுக்கு உனக்கும் நான் சீரு கொண்டாரோணுமாடா?"

ரொம்ப நாளைக்கு அப்புறம் எல்லோரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

சரி, அந்தக் காலைக்கு வருகிறேன்.

ருக்குமணி முருங்கைக்கட்டை ஜன்னலோரம் சாய்த்து வைத்துவிட்டு என் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு ரத்தம் எடுக்க ஸ்டெல்லா தட்டோடு வந்தாள். "யாரு அய்யா, மவளா?"

"தங்கச்சி கண்ணு," என்றாள் ருக்குமணி, சந்தோஷமாக.

"கூடப்பிறந்த தங்கச்சியா? அப்ப மேட்ச் டெஸ்ட் கொடுத்தாச்சாக்கா?"

"என்ன டெஸ்ட்டு கண்ணு?"

ஸ்டெல்லா கள்ளமில்லாத பிள்ளை. உங்க ரத்தம் பொருந்திச்சுன்னா உங்களுக்கு உள்ளது அய்யாவுக்கு ஏத்தலாம், அய்யா பொழைச்சிருவாவ, பெரிய அண்ணாச்சியோடது ஆகாதுன்னுட்டாவளே, வெளிய ஆள் தேடிட்டிருக்காவ என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டாள். சரசு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சத்தியத்தை அவள் மீறவில்லை. ஆனால் முதுகைப் பார்த்தாலே அவளுக்குச் சந்தோஷம் என்று தெரிந்தது.

ருக்குமணி என் காலிலிருந்து கையை எடுத்தாள். "நெசமாங்கண்ணா? எத்தனை மாசமா?"

நான் சொட்டுகிற மருந்தைப் பார்த்தேன்.

"என்னையக் கேக்கோணும்னு தோணலீங்களா? இல்ல, கேக்கக் கூடாதுன்னு தோணுச்சா?"

"அம்மணி, உங்கிட்டப் போய்..." என்றேன். அதற்கு மேல் இருமல்.

"எங்கிட்டப் போயா?" குரல் உடைந்தாலும் நிறுத்தவில்லை. "நான் வேத்து ஊட்டுக்காரி ஆயிட்டனா? அப்புறம் எதுக்குங்கண்ணா வருசா வருசம் பொங்கச் சீரு கொண்டாந்து என்ற ஊட்டு வாசல்ல எறக்குனீங்க? வாங்கறதுக்கு மட்டும் பொறந்தவ வேணும், குடுக்கறதுக்கு அவ ஆகாதவளா?"

அவள் ஸ்டூலை இழுத்து என் கட்டிலோடு ஒட்டிப் போட்டாள். உட்கார்ந்தாள். வலது கை வளையல்களை முழங்கைக்கு மேலே தள்ளினாள். மருந்து ஏறிக்கொண்டிருந்த என் கைக்குப் பக்கத்தில், அதே போர்வை மேல், உள்ளங்கை மேலே பார்க்க நீட்டினாள்.

"எடு கண்ணு," என்றாள் ஸ்டெல்லாவிடம்.

ஸ்டெல்லாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "அப்படிச் சட்டுனு எடுக்க முடியாதுக்கா. டாக்டர் எழுதித் தரணும். அவிய ரவுண்ட்ஸ் வர இன்னும் நேரம் கிடக்கே."

"வரட்டும்."

ஸ்டெல்லா எனக்கு எடுக்க வேண்டியதை எடுத்துக்கொண்டு போனாள். சரசு கீழே போய் டீ வாங்கி வந்தாள். ருக்குமணி டம்ளரை இடது கையால் வாங்கினாள், இடது கையாலேயே குடித்து முடித்தாள். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. டாக்டரம்மா வந்து கதவைத் திறக்கும் வரைக்கும் அந்த வலது கையை அவள் மடக்கவே இல்லை.